பாதம் வைக்க ஓரிடம்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன், எந்த ஆண்டில் எந்தப் பந்தயம் என்று பக்கங்கள் நிரம்பும். ஓட்டியவரின் பாதம் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஆனால், தம் வண்டியோடு வந்த ஃபுட்ரெஸ்ட் பிடிக்காமல் கடையில் ஒரு ஜோடி ஃபுட்போர்டும் அதற்கேற்ற கியர் லீவரும் வாங்கப் போகிற ஒருவர், தம்மையறியாமல் நூறாண்டுக்கும் மேலான ஒரு விவாதத்தில்தான் கலந்துகொள்கிறார். அவர் முன் விரித்து வைக்கப்படும் பொருள்கள் ஒவ்வொன்றும், என்றோ யாரோ ஒருவருடைய காலையும் யாரோ ஒருவருடைய சாலையையும் மனத்தில் வைத்து முடிவு செய்யப்பட்டவை. அந்தக் கால் நம்முடையதுதானா என்பதே கேள்வி.

தொடக்ககால மோட்டார் சைக்கிளில் பாதத்துக்கென்று தனி இடம் தேவைப்படவில்லை. அது சைக்கிளின் வழித்தோன்றல் என்பதால் பெடல் அப்படியே இருந்தது. எஞ்சினை உயிர்ப்பிக்கவும் மேட்டில் அது திணறும்போது கைகொடுக்கவும் பெடல் அவசியமாகவும் இருந்தது. கிளட்ச்சும் உதைத்துக் கிளப்பும் அமைப்பும் வந்த பிறகே பெடலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலையிழந்த கால்களை எங்கே வைப்பது? 1910களில் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் இதற்குக் கண்ட விடை, இரண்டு பக்கமும் நீண்ட தட்டையான பலகைகள். பாதம் முழுவதும் தரையில் ஊன்றியதைப் போல அதன்மேல் படிந்திருக்கும். நாற்காலியில் அமர்ந்த மனிதரின் இருக்கை நிலை அது. நீண்டு நேராகக் கிடக்கும் அமெரிக்கச் சாலைகளுக்கு அது பொருந்தியது. இங்கிலாந்தின் குறுகலான, வளைந்து வளைந்து செல்லும் பாதைகளிலோ வண்டியைச் சாய்த்தால் பலகை தரையில் உரசும். அங்கே நிலைபெற்றது ரப்பர் உறையிட்ட சிறு கம்பிதான்.

கியர் மாற்றும் வேலை அப்போது காலுக்கு வந்திருக்கவில்லை. பெட்ரோல் டாங்கின் பக்கவாட்டில் நிற்கும் நீண்ட கம்பியைக் கையால் தள்ளி மாற்றுவார்கள். ஹார்லியில் கிளட்ச் இடது காலில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஓட்டிய டபிள்யூ.எல்.ஏ. வண்டியும் இவ்வகையே. அதன் கிளட்ச் மிதி ஊஞ்சற்பலகை போல முன்னும் பின்னும் சாயும். விட்ட இடத்தில் நிற்கும். ஆகவே நின்ற வண்டியில் இரண்டு கால்களையும் தரையில் ஊன்ற முடிந்தது. பிற்காலத்தில் தாமே வண்டியைச் செதுக்கிக்கொண்ட சிலர் இதை எடுத்துவிட்டு, காலை எடுத்தால் தானே எழும்பும் ஸ்பிரிங் மிதியைப் பொருத்தினார்கள். அதற்குக் கிடைத்த பெயர் ‘தற்கொலை கிளட்ச்’. சிக்னலில் வண்டி இடப்பக்கம் சரிந்து, தன்னிச்சையாக இடது கால் தரையைத் தேடினால், வண்டி குறுக்கே போகும் வாகனங்களுக்குள் பாய்ந்துவிடும். காலுக்கான ஒரு சிறு உறுப்பை மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இந்தப் பெயரே போதும்.

கியர் காலுக்கு வந்த கதை சுவாரசியமானது. காலால் இயக்கும் லீவர்கள் முன்பே இருந்தன. ஆனால் அவை கையால் தள்ளும் கம்பியைப் போலவே ஒவ்வொரு கியருக்கும் ஒவ்வோர் இடத்தில் நின்றன. இரண்டாவது கியர் எங்கே என்று கால் துழாவித் தேடவேண்டும். பர்மிங்ஹாமில் இயங்கிய வெலோசெட் நிறுவனத்தின் ஹரால்ட் வில்லிஸ் 1920களின் இறுதியில் இதற்குத் தீர்வு கண்டார். ஒரு மிதிக்கு ஒரு கியர், மிதித்ததும் லீவர் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 1928இல் ஜூனியர் டி.டி. பந்தயத்தை வெலோசெட் வென்றது. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த கே.டி.டி. வண்டியில் இவ்வமைப்பு இடம்பெற்றது. பந்தயத்தில் நொடிகளை மிச்சப்படுத்தவே அது பிறந்தது. எனினும், பாதம் தன் இடத்தை விட்டு நகராமலேயே கியர் மாற்றலாம் என்ற வசதியை உலகத்துக்கு வழங்கியதும் அதுதான். இன்று நாம் ஓட்டும் ஏறக்குறைய எல்லா மோட்டார் சைக்கிள்களிலும் வில்லிஸின் கருத்து இருக்கிறது.

ஹார்லியின் பெரிய வண்டிகளுக்குக் கால் கியர் 1952இல் வந்தது. கைக்கு மாறிய கிளட்ச்சின் கனத்தைக் குறைக்க ஒரு பெரிய ஸ்பிரிங் அமைப்பைச் சேர்த்தார்கள். ஓட்டுநர்கள் அதற்கு ‘எலிப்பொறி’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பலகையை அவர்கள் விடவில்லை. இங்கேதான் ஒரு முரண் எழுகிறது. கம்பியில் ஊன்றிய பாதம் லீவருக்கு அடியில் எளிதாக நுழைந்து மேலே தூக்கும். பலகையில் படிந்த பாதத்துக்குக் கீழே செல்ல இடமில்லை. எனவே லீவருக்குப் பின்னங்கை ஒன்று முளைத்தது. முன்முனையை விரல்களால் அழுத்தினால் கியர் இறங்கும், பின்முனையைக் குதிகாலால் அழுத்தினால் ஏறும்.

இந்த இரட்டை லீவர் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1980களில் ஜப்பானியக் கூட்டுறவோடு இங்கே பரவிய நூறு சிசி வண்டிகள் பலவற்றில் அதைப் பார்த்திருக்கிறோம். செருப்புக் காலோடு வண்டி ஓட்டும் நாட்டில், வெற்றுவிரல்களால் இரும்பைத் தூக்குவதைவிடக் குதிகாலால் மிதிப்பது எளிது. அலுவலகம் செல்பவரின் பாலிஷ் போட்ட ஷூவிலும் தழும்பு விழாது. ஜப்பானில் ஹோண்டா 1958இல் வெளியிட்ட சூப்பர் கப், இன்னும் ஒரு படி முன்னே சென்று கைக்கிளட்ச்சையே நீக்கிவிட்டது. ஒரு கையில் சோபா நூடுல்ஸ் தட்டைத் தாங்கியபடி கடைப்பையன் ஓட்ட வேண்டும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். 2017இல் அதன் உற்பத்தி பத்துக் கோடியைக் கடந்தது. யாருடைய உடலை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள் என்பது விற்பனையிலும் தெரியும் போலும்.

வசதியைப் போலவே பக்கமும் முக்கியம். ஆங்கிலேய வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பானிய வண்டிகளில் நேரெதிர். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறி, அபாய நொடியில் பிரேக்கென்று நினைத்துக் கியரை மிதிப்பார். அமெரிக்க அரசு 1974 செப்டம்பர் முதல் கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று விதித்தது. நார்ட்டன், டிரையம்ப் நிறுவனங்களும் ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டரும் தம் வலதுபக்க லீவர்களை இடம் மாற்றவேண்டி வந்தது. அவசரத்தில் குறுக்குத் தண்டு செருகி ஒப்பேற்றியவர்களும் உண்டு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச்சுடன் சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை கண்ட என்ஃபீல்டு இந்தியாவை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. 1970இல் இங்கிலாந்தில் அந்தப் பெயர் மறைந்த பிறகும், சென்னை புல்லட் பல பத்தாண்டுகள் வலது காலாலேயே கியர் மாற்றியது. பின்னால் ஒரு சிறு லீவரும் உண்டு. முதல் கியர் தவிர எதிலிருந்தாலும் அதை மிதித்தால் நியூட்ரல் விழும். நெரிசலில் அதைப் போல ஓட்டுநர் மனமறிந்த உறுப்பு வேறில்லை. 2000க்குப் பிறகு இடதுபக்க லீவர் படிப்படியாக வந்தபோது, பழைய புல்லட்காரர்களின் மனவருத்தம் வெறும் பழம்பெருமை அல்ல. அவர்களுடைய கால்கள் கற்றுவைத்திருந்த ஒரு மொழி அன்று செல்லாததாயிற்று.

இத்தனையும் வாங்கப்போகிறவருக்கு எதற்கு? பலகையின் நன்மை, நீண்ட பயணத்தில் பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்தி முழங்காலுக்கு ஓய்வு தரலாம் என்பது. நல்ல பலகையின் ரப்பர் மெத்தை எஞ்சினின் அதிர்வையும் பாதத்துக்கு விடாது. ஆனால் கால்கள் எவ்வளவு முன்னே போகின்றனவோ அவ்வளவுக்கு உடலின் பாரம் முழுவதும் இடுப்பெலும்பின் அடியில் இறங்கும். இடுப்புக்குக் கீழே அமைந்த கம்பியில் நின்று, பள்ளத்தையோ வேகத்தடையையோ முழங்காலால் வாங்கிக்கொள்ளலாம். முன்தள்ளிய பலகையில் அப்படி எழுந்து நிற்பது கடினம். நம் சாலைகளுக்கு இது சிறிய குறை அல்ல. பலகையைத் தாழ்த்தினால் முழங்கால் நீளும், ஆனால் வளைவில் அது விரைவில் தரை தட்டும். உரசினால் மேலே மடங்கும் கீல் உள்ளதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. விறைப்பாக நிற்கும் பலகை தரையில் ஊன்றினால் சக்கரம் பிடிப்பிழக்கும்.

இரட்டை லீவரில், பெரிய காலணி இரண்டு முனைகளுக்கும் நடுவே சிறைப்படும். அதனால் குதிகால் முனையைக் கழற்றிவிடுவோர் உண்டு. அப்படியானால் விரல்கள் நுழைய லீவரை உயர்த்தவேண்டும். லீவர் பொருந்தும் தண்டில் பற்கள் இருக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலே கோணம் மாறிவிடும். கடைசியாக, எல்லாரும் மறக்கும் வலது கால். பலகையைத் தாழ்த்தியவர் பிரேக் மிதியைப் பழைய உயரத்திலேயே விட்டால், ஒவ்வொரு முறையும் பாதத்தை முழுதாகத் தூக்கிய பிறகே பிரேக் கிடைக்கும். அந்தத் தாமதத்தில் வண்டி பல அடி ஓடிவிடும்.

பின்னால் அமர்பவரையும் மறக்கலாகாது. பின்னிருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகியவை வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. சேலைத்தலைப்பு சக்கரத்தில் சிக்கி விழுந்த பெண்களின் செய்திகளைப் படித்தவர்களுக்கு இந்த வரியின் கனம் தெரியும். அழகுக்காக அந்தக் காப்பைக் கழற்றி எறிகிறவர், தம் பாதத்துக்கு மட்டும் எவ்வளவு செலவழித்து என்ன பயன்?

ஆகவே கடைக்குப் போகும்போது, நாள்தோறும் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு போவது நல்லது. நாள்தோறும் பின்னால் அமர்பவரையும் உடன் அழைத்துப் போகலாம். வண்டியை நிறுத்திவைத்து இருவரும் ஏறி உட்கார்ந்து, கியரையும் பிரேக்கையும் பத்து முறை மிதித்துப் பார்த்த பிறகு விலை பேசலாம்.