வீரரைக் கடன் கொடுத்தால் வட்டி உண்டா? – கால்பந்து ஒப்பந்தங்களின் கதை

விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி ஒரு செய்தி வரும்: "இந்த வீரர் கடன் அடிப்படையில் அந்த அணிக்குச் செல்கிறார்." வங்கியிலேயே காலத்தைக் கழித்த என் போன்றவர்களுக்குக் கடன் என்ற சொல்லைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் எழும். அசல் எவ்வளவு? வட்டி எவ்வளவு? ஈடு என்ன? நம் குடியிருப்பில் மாலை நேரத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளிடம் கேட்டால், எந்த வீரர் எந்த கிளப்பிலிருந்து எங்கே லோனில் போயிருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொல்கிறார்கள். ஆனால் லோன் என்றால் என்ன, ஒரு மனிதரை இன்னொருவருக்குக் கடன் கொடுக்கும் அதிகாரம் கிளப்புக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும். நம் கோவையும் இந்தக் கதையில் ஓர் இடம் பிடித்திருக்கிறது.

கடன் அல்ல, டெபுடேஷன்

அரசு வேலையிலோ பொதுத்துறையிலோ இருந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: இது டெபுடேஷன். ஆள் வேறு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். பெயர் தாய் அலுவலகத்தின் ரிஜிஸ்டரில்தான் இருக்கும். எத்தனை மாதம், சம்பளம் யார் தருவது, நடுவில் திரும்ப அழைக்கலாமா என்பதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கும்.

கால்பந்து லோனும் அப்படித்தான். அனுப்பும் கிளப், பெறும் கிளப், வீரர் என மூன்று தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். வட்டி கிடையாது. ஆனால் லோன் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கலாம். சம்பளத்தை ஒரு கிளப்பே முழுதாகத் தரலாம், இரண்டும் பங்கிட்டுக் கொள்ளலாம். "பிடித்திருந்தால் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு ஷரத்து சேர்ப்பதுண்டு. "பருவ முடிவில் வாங்கியே ஆக வேண்டும்" என்றும் எழுதுவதுண்டு.

நமக்குத் தெரிந்த உதாரணம் சுனில் சேத்ரி. 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை. 2013 பிப்ரவரியில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் கிளப்புக்கு லோனில் வந்தார். அந்தப் பருவத்தின் ஐ-லீக் கோப்பையை சர்ச்சில் பிரதர்ஸ் வென்றது. ரிஜிஸ்டர் லிஸ்பனில், வேலை கோவாவில். ஆடாமல் உட்கார்ந்திருந்த வீரருக்கு ஆட்டம், பணம் போட்ட கிளப்புக்குச் சம்பளச் செலவு மிச்சம், வாங்கிய கிளப்புக்குக் கோப்பை. லோன் சரியாக அமைந்தால் மூன்று பேருக்கும் லாபம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கையெழுத்துப் போட்டால் கிளப்பின் சொத்து

சரி, வீரரை அனுப்பும் உரிமை கிளப்புக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

அங்கே 1893-ல் 'தக்கவைத்தல் – மாற்றுதல்' என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஒரு கிளப்பில் பதிவு செய்த வீரர், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கிளப் விட்டால் ஒழிய வேறு இடத்துக்குப் போக முடியாது. போனால் ஆட முடியாது; ஆடாவிட்டால் சம்பளமும் இல்லை. 1901-ல் உச்ச வரம்புச் சம்பளமும் வந்தது: வாரம் 4 பவுண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது. ஐம்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்டத்தில் பந்து உதைத்தவர், ஆலைத் தொழிலாளியைப் போல வாரக் கூலி வாங்கிக்கொண்டிருந்தார்.

இந்த வரம்பு 1961 ஜனவரியில்தான் நீங்கியது. அப்போது அது வாரம் 20 பவுண்டு. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்த பிறகே கிளப்புகள் இறங்கி வந்தன.

தக்கவைக்கும் விதியை உடைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாசில் கிளப்பை விட்டுப் போக விரும்பினார், கிளப் விடவில்லை. அவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். கடைசியில் 1960-ல் ஆர்சனலுக்கு மாற்றினார்கள். ஆனாலும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரைப் பிடித்து வைத்திருப்பது, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை.

பி.காம். படித்தவர்களுக்கு வணிகச் சட்டப் பாடம் ஞாபகம் வரும். நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

போஸ்மன் தீர்ப்பு

அதற்குப் பிறகும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரை இன்னொரு கிளப் எடுத்தாலும், பழைய கிளப் டிரான்ஸ்பர் தொகை கேட்கலாம் என்ற வழக்கம் ஐரோப்பாவில் தொடர்ந்தது. பெல்ஜியத்தின் லீயேஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மனுக்கு 1990-ல் ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சின் டன்கர்க் கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. தொகை விஷயத்தில் இழுபறியாகி மாற்றம் நின்றுபோனது. லீயேஜ் அவருக்குச் சொன்ன புதிய சம்பளமோ முன்பு தந்ததில் ஒரு சிறு பங்குதான்.

ஐந்து வருடம் வழக்கு நடந்தது. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் சுதந்திரமானவர். யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. தீர்ப்பு வருவதற்குள் போஸ்மனின் ஆட்ட வாழ்க்கை முடிந்துவிட்டது. அவர் வாங்கித் தந்த சுதந்திரத்தில் பின்னால் வந்தவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள்; அவர் கஷ்டப்பட்டார்.

2001-ல் ஃபிஃபா தன் மாற்ற விதிகளைப் புதிதாக எழுதியது. அதன் பின் காலப்போக்கில் திருத்தங்களும் சேர்ந்தன. முக்கியமானவை இவை:

ஒப்பந்தம் பொதுவாக அதிகபட்சம் 5 வருடம். 18 வயதுக்குக் கீழே இருந்தால் 3 வருடம். ஒப்பந்தத்தில் கடைசி 6 மாதம் இருக்கும்போதுதான் வீரர் வேறு கிளப்புடன் கையெழுத்திடலாம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், 15 நாள் எழுத்து மூலம் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் விலகலாம். ஒரு வீரரை வெளிநாட்டு கிளப்புக்கு விற்றால், அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும்.

பேலன்ஸ் ஷீட்டில் ஒரு மனிதர்

போஸ்மனுக்குப் பின் ஒப்பந்தமே சொத்தாகிவிட்டது. ஒப்பந்தம் தீர்ந்தால் வீரர் இலவசமாகப் போய்விடுவார் அல்லவா? அதனால் தீர்வதற்குள் விற்க வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும்.

கணக்கு எழுதும் முறை எளிது. ஒரு வீரரை 10 கோடிக்கு வாங்கி 5 வருட ஒப்பந்தம் போட்டால், வருடத்துக்கு 2 கோடி செலவாகக் கழிப்பார்கள். இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவது போலத்தான். இரண்டு வருடம் கழித்து ஏட்டில் அவர் மதிப்பு 6 கோடி. அப்போது 8 கோடிக்கு விற்றால் 2 கோடி லாபம். சொந்தப் பள்ளியில் வளர்ந்த பையனுக்கு ஏட்டில் வாங்கிய விலையே இல்லை. விற்றால் வருவது ஏறக்குறைய முழுவதும் லாபம்.

இந்தக் கணக்குக்குள் லோனும் நுழைந்தது. 2017-ல் பாரிஸ் செயின்ட் ஜெர்மன் கிளப் நெய்மருக்கு 22.2 கோடி யூரோ கொடுத்தது. அதே கோடையில் மொனாக்கோவிலிருந்து எம்பாப்பேயை விலைக்கு வாங்காமல் லோனில் எடுத்து, அடுத்த வருடம் வாங்குவதாக எழுதிக்கொண்டது. செலவு அடுத்த வருடக் கணக்குக்குப் போனது. மார்ச் 31-க்குள் காட்ட வேண்டாம் என்று பில்லை ஏப்ரலுக்குத் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இங்கிலாந்தின் செல்சீ ஒரே பருவத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை வெளியே லோனில் அனுப்பியது. வாங்கி வைத்து, வாடகைக்கு விட்டு, விலை ஏறினால் விற்பது. வீட்டு மனை வியாபாரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பலரும் கேட்டார்கள். அதனால் 2022 ஜூலை முதல் சர்வதேச லோன்களுக்கு ஃபிஃபா கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு லோன் அதிகபட்சம் ஒரு வருடம். லோனில் வந்தவரை மூன்றாம் கிளப்புக்கு லோனில் அனுப்பக் கூடாது. ஒரு கிளப் வெளியே அனுப்பும் எண்ணிக்கை முதலில் 8. 2024 ஜூலை முதல் 6. இளம் வீரர்களுக்கும் சொந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு.

நம் நாட்டில்: வேலை, டோக்கன், ஒப்பந்தம்

இந்தியாவில் நீண்ட காலம் ஒப்பந்தத்தின் இடத்தில் இருந்தது வேலை. ரயில்வே, காவல்துறை, வங்கி, ஐ.சி.எஃப். போன்ற நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. சென்னையின் இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீக் வரைக்கும் போய் ஆடியது. அங்கே வீரர் என்றால் ஊழியர். கால் போனாலும் வேலை போகாது, கடைசியில் பென்ஷன். கோடிகள் இல்லை, பயமும் இல்லை.

கல்கத்தாவில் கதை வேறு. அங்கே 'டோக்கன்' முறை இருந்தது. வீரரின் டோக்கன் எந்த கிளப்பின் கையில் இருக்கிறதோ, அந்த கிளப்புக்கே அவர். மாற்றக் காலம் வந்தால் எதிர் கிளப் கொத்திக்கொண்டு போய்விடாதபடி வீரர்களை மறைவாகத் தங்க வைப்பது அங்கே சாதாரணம்.

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஒரு புதுமை நடந்தது. அது இரண்டரை மாதப் போட்டி. ஐ-லீக் வேறு மாதங்களில். அதனால் ஒரே வீரர் இரண்டு அணிகளுக்கும் ஆடினார். 2015 ஏலத்தில் சேத்ரியை மும்பை சிட்டி 1.20 கோடிக்கு எடுத்தது. போட்டி முடிந்ததும் அவர் தாய் கிளப்பான பெங்களூருவுக்குத் திரும்பினார். ஜெஜெ அதே ஆண்டில் மோகன் பகானுடன் ஐ-லீக்கையும் சென்னையின் எஃப்.சி.யுடன் ஐ.எஸ்.எல்.-ஐயும் வென்றார். 2017-ல் இரண்டு லீக்குகளும் ஒரே சமயத்தில் நடக்க ஆரம்பித்ததும் இந்தப் பகிர்வு நின்றது.

நேரு ஸ்டேடியத்தில் ஒரு சாம்பியன்

இப்போது நம்மூருக்கு வருவோம். சென்னை சிட்டி எஃப்.சி. 2017-ல் ஐ-லீக்கில் சேர்ந்தது. பெயர் சென்னை, வீடோ வ.உ.சி. பூங்கா பக்கத்தில் இருக்கும் நம் நேரு ஸ்டேடியம். 2018-19 பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்ற நான்கு பேர் வந்தார்கள். மான்சி மட்டும் 21 கோல் அடித்தார்.

2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டது. மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி, சென்னை சிட்டி 43. ஒரே ஒரு புள்ளியில் நாட்டின் ஐ-லீக் கோப்பை கோவையில் தூக்கப்பட்டது. அந்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது.

அதற்குப் பின் நடந்ததைத்தான் இத்தனை நேரம் சொன்ன விதிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். நெஸ்டர், சென்னை சிட்டி ஒப்பந்தம் இருக்கும்போதே புனே சிட்டியுடன் கையெழுத்திட்டார் என்று புகார் எழுந்து, இந்தியக் கால்பந்து சம்மேளனம் 4 மாதத் தடை விதித்தது. ஒப்பந்தத்தின் ஆரம்ப வருடங்களில் அதை மீறினால் ஃபிஃபா விதியிலும் தண்டனை 4 மாதம்தான். புனே கிளப்பின் இடத்தில் வந்த ஹைதராபாத் அணிக்கு, தடை முடிந்த பிறகே அவர் ஆடினார். எட்வின் சிட்னி வன்ஸ்பால் 2019-ல் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டமும் 2020 ஜனவரியில் அகமதாபாத்தில் நடந்ததே தவிர, இங்கே நடக்கவில்லை. மார்ச்சில் கொரோனா வந்து லீக் பாதியில் நின்றது. அடுத்த பருவம் முழுவதும் வங்காளத்தில். 2021-22 பருவத்து ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி பெயரே இல்லை.

கோப்பை வந்து மூன்று வருடம் ஆவதற்குள் எல்லாம் முடிந்தது. கிளப்புக்கும் வீரருக்கும் ஒப்பந்தம் இருந்தது. ஊருக்கு எந்தத் தாளிலும் இடம் இல்லை. ஒரு கணக்கில் பார்த்தால் அந்த அணியே கோவைக்கு லோனில் வந்ததுதான். ஆனால் இதற்காகப் பழைய முறையை ஏங்க வேண்டியதில்லை. போன வீரர்கள் அவரவர் பிழைப்புக்குப் போனார்கள். ஈஸ்ட்ஹாமும் போஸ்மனும் போராடியது அந்த உரிமைக்குத்தான்.

பெற்றோர் கவனத்துக்கு

நம் பிள்ளைகளில் சிலர் அகாடமிக்குப் போகிறார்கள். யாராவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அது வெறும் பதிவுப் படிவமா, சம்பளத்துடன் கூடிய ஒப்பந்தமா என்று முதலில் கேளுங்கள். காலம் எத்தனை வருடம், காயம் பட்டால் செலவு யாருடையது, லோனில் அனுப்பினால் பிள்ளையின் சம்மதம் வேண்டுமா, விலகும் வழி என்ன என்று பாருங்கள். மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அதனால்தான் பெற்றோர் கையெழுத்தைக் கேட்பார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.