பாட்டுக்குப் பின்னால் இருந்த முகங்கள்

அறுபதுகளில் இந்திப் பாட்டுகளுக்கு ரேடியோ சிலோனில் 'பினாகா கீத்மாலா' இருந்தது. அமீன் சயானி வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்வார். நமக்கு அளவுகோல் வேறு. இலங்கை வானொலியில் நேயர்கள் எத்தனை தடவை விரும்பிக் கேட்கிறார்கள், கல்யாண வீட்டு மைக் செட்டில் எத்தனை தடவை போடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் 'அவளுக்கென்ன' பாட்டு முதல் வரிசையில் நிற்கும். இங்கே பென்னாகரம் பக்கத்துக் கல்யாணங்களில், பழைய பாட்டு போடுங்கள் என்றால் இன்றும் அதைப் போடுகிறார்கள்.

படம் 'சர்வர் சுந்தரம்', 1964. ஏ.வி.எம். தயாரிப்பு, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். வாலி எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம்.சௌந்தரராஜனும் எல்.ஆர்.ஈஸ்வரியும் பாடியது. மேல்நாட்டுத் துள்ளல் மெட்டு. ஆனால் நான் சொல்ல வந்தது மெட்டைப் பற்றி அல்ல, அதைப் படமாக்கிய விதத்தைப் பற்றி.

ஓட்டல் சர்வராக இருந்து சினிமா நடிகனான சுந்தரமாக நாகேஷ் ஆடுகிறார். அதோடு மாறி மாறி ஒலிப்பதிவுக் கூடத்தையும் காட்டுகிறார்கள். விஸ்வநாதன் கையசைத்து வாத்தியக்காரர்களை நடத்துகிறார். டி.எம்.எஸ். மைக் முன்னால் நின்று பாடுகிறார்.

இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு அப்படி இல்லை. பாகவதர் காலத்தில் நடித்தவரே பாடினார். பிறகு பின்னணிப் பாட்டு வந்தது, பாடியவர் மறைந்துபோனார். ஜனங்களுக்கு 'எம்.ஜி.ஆர். பாட்டு', 'சிவாஜி பாட்டு' என்றுதான் பேச்சு. இரண்டிலும் பெரும்பாலும் ஒரே டி.எம்.எஸ். குரல்தான். ரேடியோவில் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு, ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று இந்தப் படம் காட்டிவிட்டது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1962இல் பிரான்சில் பிரான்சுவாஸ் ஆர்தி என்ற இளம்பெண் தானே எழுதித் தானே பாடிய பாட்டு சக்கைப்போடு போட்டது. அங்கே பாட்டும் முகமும் ஒருவருடையதே. நம் சினிமாவில் ஒரு பாட்டுக்குப் பல பேர் உழைப்பார்கள். தெரிவது நடிகர் முகம் மட்டும்.

சர்க்கார் ஆபீசில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. குறிப்பு எழுதுவது ஒருவர், வரைவு போடுவது ஒருவர், டைப் அடிப்பது ஒருவர். கையெழுத்து அதிகாரியுடையது. இந்தப் படத்துக்குக் கதை எழுதிய கே.பாலசந்தர் சென்னை ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்தவர். நாகேஷ் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், அம்மைத் தழும்பு முகத்தோடு கதாநாயகன் ஆனவர். அழகிய முகத்தைப் பாடும் பாட்டுக்கு அவர் ஆடியதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

மறு வருஷமே விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. டி.எம்.எஸ்., ஈஸ்வரி, வாலி பெயர்களும் நிலைத்துவிட்டன. ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? முகத்தைக் காட்டியவரைக்கும் பாட்டு செய்தது. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை. யூடியூபில் பாட்டு கிடைக்கிறது. அடுத்த தடவை பார்க்கும்போது பின்வரிசையையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். யாரையாவது அடையாளம் தெரிந்தால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.