சிறுவடிவக் கைத்துப்பாக்கி

சிறுவடிவக் கைத்துப்பாக்கி என்பது முழு அளவுக் கைத்துப்பாக்கியின் குழலையும் பிடியையும் குறுக்கி, உடையினுள் மறைத்து எடுத்துச் செல்வதற்கு ஏற்ப அமைக்கப்பட்ட கைத்துப்பாக்கி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்கள் தற்காப்புக்காக இவ்வகையைப் பரவலாக வாங்குகின்றனர். புதிதாகச் சுடப் பழகுவோருக்கும் கைவலு குறைந்தோருக்கும் சிறிய துப்பாக்கியே எளிது என்னும் கருத்து அங்கு நெடுங்காலமாக நிலவுகிறது. ஆனால் துப்பாக்கி சிறிதாகும்போது அதைச் சுமப்பது எளிதாகிறதே தவிர, அதைக் கொண்டு சுடுவது கடினமாகிறது. இதனைப் புரிந்துகொள்வதே புதியவர் ஒருவர் சரியான துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு அடிப்படையாகும்.

வகைப்பாடு

அளவைப் பொறுத்துக் கைத்துப்பாக்கிகள் முழு அளவு, நடுத்தர அளவு, சிறிய அளவு, சட்டைப்பை அளவு எனப் பிரிக்கப்படுகின்றன. இப்பிரிவுகளுக்கு உறுதியான வரையறை இல்லை. உற்பத்தியாளர்கள் தத்தம் வழக்கப்படி பெயரிடுகின்றனர். சில எடுத்துக்காட்டுகள் (எடைகள் தோட்டாக்கள் இல்லாத நிலையில், ஏறத்தாழ):

* கிளாக் 19 – நடுத்தர அளவு; 9 மி.மீ, 15 தோட்டாக்கள், குழல் நீளம் 102 மி.மீ, எடை 670 கிராம்.
* கிளாக் 26 – சிறிய அளவு, 9 மி.மீ, 10 தோட்டாக்கள், குழல் நீளம் 87 மி.மீ, எடை 615 கிராம்.
* சிக் சாவர் பி365 – சிறிய அளவு; 9 மி.மீ, 10 தோட்டாக்கள், குழல் நீளம் 79 மி.மீ, எடை 500 கிராம்.
* ரூகர் எல்சிபி – சட்டைப்பை அளவு; .380 ஏசிபி, 6 தோட்டாக்கள், குழல் நீளம் 70 மி.மீ, எடை 270 கிராம்.

வரலாறு

பிலடெல்பியா நகரைச் சேர்ந்த என்றி டெரிஞ்சர் 19ஆம் நூற்றாண்டில் செய்த சிறிய துப்பாக்கிகள் இவ்வகையின் முன்னோடிகளுள் அடங்கும். 1865இல் ஆபிரகாம் லிங்கன் இத்தகைய துப்பாக்கி ஒன்றினாலேயே கொல்லப்பட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த சிறிய துப்பாக்கிகளும், பின்னர் செருமனியின் வால்தர் நிறுவனம் வெளியிட்ட பிபிகே துப்பாக்கியும் புகழ்பெற்றன. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஐந்து தோட்டாக்கள் கொண்ட சிறிய சுழல்துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது.

1982இல் ஆஸ்திரிய இராணுவம் கஸ்டன் கிளாக் வடிவமைத்த கிளாக் 17 துப்பாக்கியை ஏற்றது. நெகிழி உடலால் எடை குறைந்த இத்துப்பாக்கியின் வெற்றிக்குப் பின் பல நிறுவனங்கள் நெகிழியைக் கையாளத் தொடங்கின. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் நடப்பில் இருந்த கூட்டரசுச் சட்டம், பொதுமக்களுக்கான புதிய மேகசின்களில் 10 தோட்டாக்களுக்கு மேல் இருத்தலாகாது என விதித்தது. அதிகத் தோட்டாக்களுக்காகப் பெரிய பிடி வைக்க வேண்டிய தேவை இதனால் குறைந்தது. சிறிய துப்பாக்கிகளின் பெருக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும். 2008இல் வந்த ரூகர் எல்சிபியும், சிறிய உடலில் 10 தோட்டாக்களை அடக்கி 2018இல் வந்த பி365உம் இத்துறையில் திருப்பங்களாகக் கருதப்படுகின்றன.

அளவு குறைவதன் விளைவுகள்

பின்னுதைப்பு

குண்டு முன்னோக்கிப் பாயும்போது அதே அளவு உந்தத்துடன் துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதியின் விளைவாகும். 8 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். வெடிவளிமத்தின் பங்கை விடுத்துக் கணக்கிட்டால், 800 கிராம் எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கும். அதன் ஆற்றல் 4.9 ஜூல். அதே தோட்டாவை 400 கிராம் துப்பாக்கியில் சுட்டால் வேகம் 7 மீட்டராகவும் ஆற்றல் 9.8 ஜூலாகவும் உயரும். அதாவது எடை பாதியானால் பின்னுதைப்பு ஆற்றல் இருமடங்காகிறது. சிறிய பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இல்லாமற் போவதால் இவ்வாற்றலைத் தாங்கும் பரப்பும் குறைகிறது.

இதன் மிகப் பெரிய தீங்கு வலியன்று. வலியை எதிர்பார்த்து உண்டாகும் பழக்கமே ஆகும். சுடுவதற்குச் சற்று முன்பே கண்ணை மூடிக் கையைத் தாழ்த்தும் அனிச்சைச் செயல் புதியவரிடம் எளிதில் படிகிறது. பின்னர் அதனை மாற்றுவதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும்.

குறிகளுக்கு இடையிலான தொலைவு

துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தொலைவு குறையும்போது, குறிபார்ப்பதில் நேரும் சிறு பிழையும் பெரிதாகிறது. இத்தொலைவு 150 மி.மீ ஆக இருக்கும்போது 1 மி.மீ பிழை நேர்ந்தால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 67 மி.மீ விலகிப் படும். தொலைவு 100 மி.மீ ஆக இருப்பின் விலகல் 100 மி.மீ ஆகும்.

சுடுவிசை

கிளாக் 19இன் சுடுவிசையை இழுக்க ஏறத்தாழ 2.5 கிலோகிராம் எடைக்கு இணையான இழுப்பு வேண்டும். சிறிய சுழல்துப்பாக்கிகளில் இது அதனினும் இருமடங்கு வரை இருக்கக்கூடும். 270 கிராம் எடையுள்ள துப்பாக்கியைப் பல மடங்கு வலுவான இழுப்பினால் இயக்கும்போது, விரலின் அசைவே குழல்முனையை இலக்கிலிருந்து விலக்கிவிடுகிறது.

மேற்கூட்டை இழுத்தல்

முதல் தோட்டாவை ஏற்றுவதற்கு, ஸ்லைடு எனப்படும் நகரும் மேற்கூட்டைக் கையால் பின்னிழுத்து விடவேண்டும். மேற்கூடு சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருப்பின், அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வலுவான சுருள்வில் தேவைப்படுகிறது. ஆகவே சிறிய துப்பாக்கியின் மேற்கூட்டை இழுப்பது பல வேளைகளில் பெரியதைவிடக் கடினம். மேலும், மணிக்கட்டு தளர்ந்திருந்தால் மேற்கூடு முழுமையாகப் பின்செல்லாமல் தோட்டா சிக்கிக்கொள்ளும். இலேசான துப்பாக்கிகளில் இக்குறை மிகுதி.

தோட்டா வகை

* .22 எல்.ஆர் – பின்னுதைப்பு மிகக் குறைவு, விலையும் மலிவு. பயிற்சிக்கு ஏற்றது.
* .380 ஏசிபி – 1908இல் அறிமுகமானது. 9 மி.மீ தோட்டாவைவிட ஆற்றல் குறைந்தது.
* 9×19 மி.மீ – 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் லூகர் உருவாக்கியது. இன்று உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா இதுவே.

ஆற்றல் குறைந்த தோட்டா என்பதால் பின்னுதைப்பும் குறைவாகவே இருக்கும் எனக் கொள்ள இயலாது. .380 தோட்டாவைப் பயன்படுத்தும் மிகச் சிறிய துப்பாக்கி, 9 மி.மீ தோட்டாவைப் பயன்படுத்தும் நடுத்தரத் துப்பாக்கியைவிடக் கையை மிகுதியாக வருத்தக்கூடும். தோட்டாவும் துப்பாக்கியின் எடையும் இணைந்தே பின்னுதைப்பைத் தீர்மானிக்கின்றன.

புதியவருக்கான தேர்வு

பயிற்சியாளர்கள் பொதுவாகக் கருத்திற்கொள்ளும் கூறுகள் பின்வருமாறு:

1. நோக்கம். வீட்டிலோ பயிற்சிக் களத்திலோ மட்டும் பயன்படுத்துவதாயின் சிறிய துப்பாக்கிக்குத் தேவையே இல்லை. நடுத்தர அல்லது முழு அளவே பொருந்தும்.
2. கைப்பொருத்தம். குழலும் முன்கையும் நேர்கோட்டில் இருக்குமாறு பிடிக்கும்போது, சுட்டுவிரலின் முதற் கணு சுடுவிசையை இயல்பாக எட்டவேண்டும். மற்ற மூன்று விரல்களும் பிடியில் அமைதல் நன்று.
3. இயக்க வலிமை. வாங்குபவர் தாமே மேற்கூட்டைப் பலமுறை இழுத்தும், மேகசினில் தோட்டாக்களை நிரப்பியும் பார்த்தல் வேண்டும். கைவலு குறைந்தோருக்கென எளிதில் இழுக்கத்தக்க மேற்கூடு கொண்ட வகைகளும் உள்ளன. 2018இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈசி இதற்கு எடுத்துக்காட்டாகும்.
4. சுட்டுப் பார்த்தல். அமெரிக்காவின் பல பயிற்சிக் களங்களில் துப்பாக்கிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஐம்பது தோட்டாக்களைச் சுட்ட பின்னும் கை வலிக்காமலும், குண்டுகள் ஓரிடத்தில் செறிந்தும் இருந்தால் அத்துப்பாக்கி பொருந்தும் எனலாம்.
5. தொடர்பயிற்சி. வலிதரும் துப்பாக்கியை எவரும் அடிக்கடி எடுத்துப் பழகுவதில்லை. பழகாத துப்பாக்கியோ உரியவருக்கும் அருகிலிருப்போருக்கும் இடர் விளைவிக்கும்.

எளிய அமைப்பு என்னும் காரணத்தால் எடை குறைந்த சுழல்துப்பாக்கியைப் புதியவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பரிந்துரைக்கும் வழக்கம் உண்டு. இழுக்க வேண்டிய மேற்கூடு இல்லாமை அதன் நன்மையாகும். எனினும் கடினமான சுடுவிசை, மிகுந்த பின்னுதைப்பு, சிறிய குறிகள் ஆகியவற்றால் அது தேர்ந்தவர்க்கே உரிய கருவி எனப் பயிற்சியாளர் பலர் கருதுகின்றனர். .22 துப்பாக்கியில் தொடங்கி, நடுத்தர 9 மி.மீ துப்பாக்கியில் தேர்ச்சி பெற்று, பின்னர் தேவை இருப்பின் சிறியதற்குச் செல்வதே முறையான வரிசையாகும்.

பாதுகாப்பு

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகள் எல்லா அளவுத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும். எத்துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதவேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்முனையைத் திருப்பலாகாது. குறிபார்த்து முடிவெடுக்கும் வரை சுடுவிசையில் விரல் படலாகாது. இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றுள் இரண்டாம் விதி சிறுவடிவத் துப்பாக்கிகளில் எளிதில் மீறப்படுகிறது. குழல் மிகக் குறுகியதாதலால், கையைச் சற்றே திருப்பினாலும் குழல்முனை தன் மற்றொரு கையையோ பக்கத்தில் நிற்பவரையோ நோக்கிவிடும். உறையின்றிச் சட்டைப்பையில் வைத்தலும் தவறு. சாவி போன்ற பொருள் சுடுவிசையில் சிக்கக்கூடும். சுடுவிசையை முழுமையாக மூடும் உறை இன்றியமையாதது. துப்பாக்கி ஒலி 140 டெசிபெலைத் தாண்டுவதால் காதுக்காப்பும் கண்ணாடியும் அணியவேண்டும்.

வீட்டில் துப்பாக்கி வைத்திருத்தல் தனித்த இடரை உடையது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகளாகும். சிறுவர்கள் கையில் கிடைத்து நேரும் இறப்புகளும் உள்ளன. சிறிய துப்பாக்கி கைப்பை, படுக்கையருகு போன்ற இடங்களில் எளிதில் வைக்கப்படுவதால், பூட்டிய பெட்டியில் காப்பது மிகவும் தேவையாகிறது. குடும்பத்தில் எவரேனும் மனத்துயரில் இருப்பின், துப்பாக்கியை அக்காலத்தில் வீட்டிலிருந்து அகற்றி வைப்பது நன்று.

சட்டநிலை

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் பெற்ற வணிகர் 21 அகவைக்குக் குறைந்தோருக்குக் கைத்துப்பாக்கி விற்பதைத் தடை செய்தது. 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டத்தின் அடிப்படையில் வாங்குவோரின் பின்னணியை உடனடியாக ஆராயும் தேசிய அமைப்பு 1998இல் செயற்படத் தொடங்கியது. மறைத்து எடுத்துச் செல்வதற்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. விண்ணப்பித்தோர் தனிப்பட்ட தேவையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நியூயார்க் மாநில விதியை 2022இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்கு அனுமதிச் சீட்டுக் கட்டாயமில்லை. ஆகவே பயிற்சி பெறுவது அங்கு பெரும்பாலும் வாங்குபவரின் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

* கைத்துப்பாக்கி
* சுழல்துப்பாக்கி
* பின்னுதைப்பு
* நியூட்டனின் இயக்க விதிகள்