சீமாட்டி வளர்த்த பவளம்

கடற்பிராணிகளை வீட்டுக் கூடத்தில் ஜீவனோடு காக்கும் கலையின் பூர்வ சரித்திரத்தில், முதல் வரிசை ஸ்தானத்தை, விஞ்ஞானப் பட்டம் ஏதும் பெறாத அன்னா தின் சீமாட்டிக்கு அளிப்பதே நியாயம். 1846-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்த அவ்வம்மையார், நினைத்தபோது கடல்நீர் கிட்டாத அந்நகரத்தில், இருந்த நீரையே, திறந்த ஜன்னலருகே, நாம் காப்பி ஆற்றுவதுபோல் பாத்திரத்துக்குப் பாத்திரம் அரைமணி, முக்கால்மணி நேரம் ஆற்றச் செய்து பிராணவாயு ஏற்றினார். கீர்த்தி சீமாட்டிக்கு, கைவலி பணிப்பெண்ணுக்கு! மறுவருஷம் கடற்பாசியையும் சேர்க்கவே, சூரிய வெளிச்சத்தில் அது வெளியிட்ட பிராணவாயுவால் அவ்வுழைப்புப் பெரிதும் குறைந்தது; பவளங்களும் பல்கின. 1853-இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் திறக்கப்பட்ட மீன்காட்சிச்சாலையும், 1854-இல் இயற்கை ஆய்வாளர் பிலிப் ஹென்றி காஸ் இத்தகைய தொட்டிகளைப் பற்றி எழுதிய நூலும் ஊரெங்கும் தொட்டி மோகத்தைக் கிளப்பிய பின்னர், 1859-இல்தான் அம்மையாரின் குறிப்புகள் அச்சேறின.