சமன்பாடு எழுத்தா, படமா?

கணிதத் தேர்வுத்தாளைக் கணினியில் தயாரிக்கும்போது 2¹⁰ என்பது சில வேளைகளில் 210 என்று மாறிவிடுகிறது. ஓர் ஆவணத்திலிருந்து மற்றோர் ஆவணத்திற்குப் படியெடுக்கையில், மேலே நின்ற 10 கீழே இறங்கிவிடுவதே காரணம். சொல்லில் நேரும் எழுத்துப்பிழையைப் படிப்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். இங்கோ பிழையும் ஓர் எண்ணாகவே நிற்பதால், 1024 என்னும் மதிப்பு 210 ஆனதை மாணவர் அறிய வழியில்லை. கணிதத்தில் குறி நிற்கும் இடமும் பொருள் தருகிறது. அத்தகைய எழுத்தை, வரிவரியாகச் செல்லும் அச்சும் கணினியும் எவ்வாறு ஏற்றுக்கொண்டன என்பதே இவ்வுரையில் நாம் காண முற்படும் வரலாறு.

பழங்காலத்தில் சமன்பாடுகள் பெரும்பாலும் சொற்களாலேயே எழுதப்பட்டன. வேல்சு நாட்டு அறிஞர் இராபர்ட் ரெக்கார்டு, 'சமம்' என்று மீண்டும் மீண்டும் எழுதுவதைத் தவிர்க்க விரும்பி, 1557இல் வெளியிட்ட தம் நூலில் இரண்டு இணைகோடுகளைக் குறியாக ஆண்டார். அடுக்கு எண்ணைச் சற்றே உயர்த்தி எழுதும் வழக்கம், 1637இல் வெளிவந்த டெக்கார்ட்டின் வடிவகணித நூலால் பரவியது. கணிதம் சுருங்கிற்று, தெளிவும் பெற்றது. ஆனால் அது வரியை விட்டு மேலும் கீழும் படரத் தொடங்கியதால், அச்சுக்கூடத்திற்குப் புதியதொரு சுமை பிறந்தது.

ஈய எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வரி அமைப்பது அச்சுக்கோப்பாளரின் தொழில். ஒரு பின்னத்திற்கு அவர் மேல் எண்ணைத் தனியே கோத்து, கீழ் எண்ணைத் தனியே கோத்து, இடையே ஒரு கோட்டை வைத்து, சுற்றியுள்ள வெற்றிடத்தை ஈயத் துண்டுகளால் நிரப்ப வேண்டும். அக்கோடு வெறும் அழகுக்கானதன்று. 1+2 முழுவதும் மேலே நிற்க, அடியில் 3 நின்றால் விடை 1. அதையே 1+2/3 என்று ஒரே வரியில் கிடத்தினால் விடை ஒன்றே மூன்றில் இரண்டு. கணித நூல் அச்சிடுவதற்கு உழைப்பும் செலவும் மிகுதியானது இதனால்தான். 1961இல் வந்த ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சுப்பொறியில் எழுத்துருண்டையைக் கழற்றி, குறியீடுகள் கொண்ட வேறோர் உருண்டையை மாட்ட முடிந்தது. எனினும், எக்குறி எதனோடு சேர்ந்தது என்பதைத் தட்டச்சரின் கண்ணே அறிந்தது, பொறி அறியவில்லை.

பொறிக்கும் அதைத் தெரிவிக்க முயன்றோரில் பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகனும் இலொரிண்டா செர்ரியும் முன்னோடிகள். 1975இல் அவர்கள் விளக்கிய 'ஈக்யூஎன்' என்னும் மொழியில், ஒரு சமன்பாட்டை வாய்விட்டுப் படிப்பது போலவே தட்டச்சு செய்யலாம். 'இதன்மேல் இது', 'இதன் அடுக்கு இது' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களே அதற்குக் கட்டளைகள். கணிதமோ அச்சுக்கலையோ அறியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அடுத்த பெரும் மாற்றம் ஒரு மனக்குறையிலிருந்து பிறந்தது. இசுடான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனூத், 1977இல் தம் நூலின் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்பைக் கண்டு வருந்தினார். ஈய அச்சில் எழிலாக வந்த பக்கங்கள் ஒளியச்சில் தரம் குன்றியிருந்தன. தாமே ஒரு மென்பொருளை எழுதத் துணிந்தார். விரைவில் முடியும் என எண்ணிய பணி பல்லாண்டுகள் நீண்டது, 'டெக்' உருவாயிற்று. அதை அவர் உலகிற்கு இலவசமாகவே வழங்கினார். 1980களில் இலெசுலி இலாம்போர்ட் அதன்மேல் 'இலாடெக்' அமைப்பைக் கட்டினார். இவற்றில் ஆசிரியர் பின்னத்தை வரைவதில்லை. இது பின்னம் என்று சொல்கிறார். இடைவெளியைக் கணிப்பது பொறியின் வேலை.

அலுவலக ஆவணங்களில் வேறொரு வழி நிலவியது. மைக்ரோசாப்ட் வேர்டில் நெடுங்காலம் இருந்த சமன்பாட்டுக் கருவியில், சமன்பாடு ஆவணத்துள் பதித்த தனிப்பொருளாகவே இருந்தது. வேர்டு 2007இல் முர்ரே சார்சென்டு முதலானோரின் உழைப்பால் சமன்பாடு ஆவணத்தின் எழுத்தோடு எழுத்தாக இணைந்தது. கேம்பிரியா கணித எழுத்துருவும் உடன் வந்தது. பாதுகாப்புக் குறையின் காரணமாகப் பழைய கருவி 2018 சனவரியில் நீக்கப்பட்டது. அதில் எழுதிய சமன்பாடுகளைப் பார்க்கலாம். அப்போது வேறு மென்பொருள் இன்றித் திருத்த இயலாமற்போயிற்று. படைத்த கருவி மறையும்போது எழுதியதும் உறைந்துபோகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

சமன்பாட்டைக் கட்டமைப்போடு எழுதுவதன் முழுப் பயனைக் காட்டியவர் பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. இராமன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முடித்த முனைவர் ஆய்வில், இலாடெக் ஆவணங்களைக் கணித வாய்பாடுகளோடு குரலாக்கிப் படிக்கும் 'ஆசுடர்' என்னும் அமைப்பை அவர் உருவாக்கினார். அச்சழகுக்காகப் பிறந்த குறிமுறை, காணாதவர்க்குச் செவியாயிற்று. எது மேல், எது கீழ் என்பது கோப்பிலேயே எழுதப்பட்டிருந்ததால்தான் இது கைகூடியது. படமாக ஒட்டப்பட்டிருந்தால் கணினிக்கு அது புள்ளிகளின் கூட்டமே. 1998இல் இணையத்திற்கென வகுக்கப்பட்ட 'மாத்எம்எல்' தரமும் இக்கட்டமைப்பையே காக்கிறது.

தமிழ் பயில்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்த தமிழ்க் கோப்பு பொருளற்ற குறிகளாகச் சிதறியதை நாம் அறிவோம். திரையில் தமிழாகத் தோன்றியது, கோப்பினுள் தமிழாக இல்லை. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடு பொதுவான குறிமுறையையும் விசைப்பலகையையும் ஆராய்ந்தது இக்குறையைத் தீர்க்கவே. தோற்றத்திற்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் கற்ற நாம், அதைக் கணிதத்திலும் கைக்கொள்ளல் தகும்.

ஆகவே, ஆசிரியர் பயிற்சித்தாள் தயாரிக்கையில் சமன்பாட்டைப் படமாக வெட்டி ஒட்டாமல், ஆவணத் தொகுப்பியின் சமன்பாட்டுக் கருவியில் எழுதுவாராக. பின்னர் வருபவர் அதைத் திருத்தலாம், பெரிதாக்கினாலும் உருச்சிதையாது, உரிய திரைவாசிப்பான் அதைப் படித்தும் காட்டும். மாணவரும் மேலெழுத்தைக் கண்ணளவில் உயர்த்துவதோடு நில்லாமல், அடுக்கு என்றே கணினிக்கு உணர்த்தப் பழக வேண்டும். அச்சுக்கோப்பாளரின் கைகள் சுமந்த பொறுப்பு இன்று எழுதும் நம் ஒவ்வொருவரின் விரல்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.