அழித்தெழுதிய ஏடும் துடைத்தெடுத்த வன்தட்டும்

ஒன்றில் எழுதியதை அழித்துவிட்டு அதன்மீதே மீண்டும் எழுதும் வழக்கம் மிகப் பழையது. எழுதுபொருள் அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்த காலமெல்லாம் இவ்வழக்கமும் இருந்துவந்துள்ளது. தமிழர் கையாண்ட பனையோலை இதற்கு இடங்கொடுக்கவில்லை. எழுத்தாணி கீறிய கீறலைத் துடைத்தெடுத்தல் இயலாது. மேனாட்டார் பயன்படுத்திய தோலேடோ அத்தகையதன்று. மையைக் கழுவியும் சுரண்டியும் அதனைப் புதிய ஏடாக்கிக்கொள்ளலாம். இவ்வாறு மீளச் சுரண்டப்பட்ட ஏட்டுக்குக் கிரேக்க மொழியில் தனிப்பெயரே உண்டு.

இத்தகைய ஏடுகளுட் புகழ்பெற்றது ஆர்க்கிமிடீசின் நூல்களைத் தாங்கிய ஏடாகும். 10ஆம் நூற்றாண்டிற் படியெடுக்கப்பட்ட அவ்வேட்டினை, 13ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி சுரண்டி, தாள்களை மடித்துத் திருப்பி, அவற்றின்மீது வழிபாட்டு வாசகங்களை எழுதினார். கணிதப் பேரறிஞரின் சொற்கள் வழிபாட்டு நூலினடியில் மறைந்தன. ஆயினும், அவை அழிந்துவிடவில்லை. 1906ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டறிஞர் ஐபெர்க் என்பார் கொன்சுதாந்திநோபிளில் அவ்வேட்டைக் கண்டு, மங்கிக் கிடந்த எழுத்துக்களைப் படித்தறிந்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், ஊடுகதிர்களின் துணையால் எஞ்சிய வரிகளும் பலவாறு புலப்படுத்தப்பட்டன. அழிந்ததென்று கருதப்பட்டது அழியாதிருத்தல் கூடும் என்பதே இவ்வேடு புகட்டும் முதற் பாடமாகும்.

தோலும் மையும் போய்க் காந்தம் வந்ததும் டென்மார்க்கு நாட்டிலிருந்தேயாம். அந்நாட்டுப் பொறியியலாளர் வால்டெமார் போல்சன், 1898ஆம் ஆண்டில், உருக்குக் கம்பியிற் குரலைக் காந்தமாகப் பதியும் கருவியொன்றை ஆக்கினார். 1900ஆம் ஆண்டிற் பாரிசில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் ஆத்திரியப் பேரரசர் பிரான்சு யோசேப்பின் குரல் அதிற் பதியப்பட்டது. அப்பதிவு இன்றும் உளது. கம்பியைச் சுரண்டாமலும் தேய்க்காமலும், காந்தத்தாலேயே பழைய பதிவை நீக்கிப் புதியதைப் பதியலாம் என்பதே இம்முறையின் பெருஞ் சிறப்பு.

அக்காந்தப் பதிவு தட்டில் ஏறியது 1956ஆம் ஆண்டிலாகும். அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தார் கலிபோர்னியாவின் சான் கொசே நகரில் முதலாவது வன்தட்டுச் சேமிப்பகத்தை ஆக்கி வெளியிட்டனர். அக்குழுவுக்குத் தலைமை தாங்கிய ரெனோல்டு யோன்சன் முன்னர்ப் பள்ளிக்கூட ஆசிரியராயிருந்தவர். இருபத்துநான்கு அங்குல விட்டமுடைய 50 தட்டுக்கள் ஒருங்கே சுழன்று, 50 இலட்சம் எழுத்துக்களைத் தாங்கின. இன்று மடிக்கணினியினுள் இருக்கும் உள்ளங்கையளவான வன்தட்டு அதனினும் பன்னூறாயிரம் மடங்கு தாங்கவல்லது.

ஆனால், கணினியில் ஒரு கோப்பினை 'அழி' எனப் பணித்தவுடன் அஃது உண்மையில் அழிகின்றதா? இல்லை. நூலகத்தில் ஒரு நூலின் பெயரட்டையைக் கிழித்தெறிந்தாலும் நூல் தட்டிலேயே இருக்குமன்றோ? அதுபோன்றே, வன்தட்டின் அட்டவணையிற் பெயர் நீங்குகின்றது; பொருள் தன்னிடத்திலேயே கிடக்கின்றது. வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும்வரை, தகுந்த மென்பொருளைக் கொண்டு அதனை மீட்டெடுத்தல் இயலும். விரைவாகச் செய்யப்படும் வடிவமைப்பும் பெரும்பாலும் அட்டவணையைப் புதுப்பிப்பதோடு நின்றுவிடுகின்றது.

இதன் விளைவு 2003ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மாசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த சிம்சன் கார்பிங்கெல், அபி செலாட் என்னும் இருவர், பழைய வன்தட்டுக்கள் 158ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்தனர். இயங்கிய 129இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மாத்திரமே. ஏனையவற்றுட் பலவற்றிற் கடனட்டை இலக்கங்களும் மருத்துவச் செய்திகளும் தனிமடல்களும் காணப்பட்டன. விற்றவருட் பலர் தம் வாழ்வையும் தட்டோடு சேர்த்து விற்றிருந்தனர்.

அப்படியாயின் எத்தனை முறை துடைத்தல் வேண்டும்? நியூசிலாந்து நாட்டுப் பீற்றர் குட்மன், 1996ஆம் ஆண்டின் கட்டுரையொன்றில், 35 முறை மேலெழுதும் வகையொன்றை எடுத்துரைத்தார். அது பல்வேறு பழைய தட்டுக்களுக்கெனத் தொகுக்கப்பட்டதேயன்றிப் புதியவற்றுக்கு முழுவதும் வேண்டுவதன்று என அவரே பின்னர் விளக்கினார். அமெரிக்கத் தர நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும், அண்மைக்காலக் காந்தத் தட்டுக்களுக்கு முழுமையான ஒரு மேலெழுதலே போதுமெனக் கூறிற்று. சுழலும் தட்டில்லாத திண்மநிலைச் சேமிப்பகத்துக்கோ இம்முறை பொருந்தாது. அஃது எழுதுமிடத்தைத் தானே மாற்றிக்கொள்வதால், அதற்கென அமைந்த அழித்தற் கட்டளையையே பயன்படுத்தல் வேண்டும்.

இஃது ஒரு புறம். மறுபுறத்திலோ, துடைத்தபின் வருந்திய வரலாறும் உண்டு. 1969ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மனிதன் சந்திரனில் நடந்த காட்சி, புவிக்கு வந்த மூலவடிவிலேயே காந்த நாடாக்களிற் பதியப்பட்டது. பின்னாளில் அந்நாடாக்களைத் தேடிய அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார், நாடாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவை துடைக்கப்பட்டு வேறு பணிக்குப் பயன்பட்டிருத்தல் வேண்டும் என 2009ஆம் ஆண்டில் அறிவித்தனர். உலகம் கண்ட தொலைக்காட்சிப் பதிவுகள் எஞ்சின. அவற்றினும் தெளிவான மூலம் எஞ்சவில்லை. சிக்கனம் தீதன்று, பார்த்துப் பிரிக்காத சிக்கனமே தீது.

பழைய மடிக்கணினியின் வன்தட்டைப் பிறிதொரு கணினியிற் பொருத்துவோர் இவ்விரு பாடங்களையும் மனங்கொள்ளல் நன்று. முதலில், அதிலுள்ள நிழற்படங்களையும் கடிதங்களையும் கணக்குக்களையும் வேறிடத்திற் படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். அடுத்து, தட்டு நலமாயிருக்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். தேய்ந்த தட்டிற் புதிய செல்வத்தை வைத்தல் பேதைமை. துடைக்குமுன், தேர்ந்தது பழைய தட்டுத்தானா என இருமுறை நோக்குதல் இன்றியமையாதது. பெயர் மாறினாற் புதிய கணினியின் தட்டே வெறுமையாகிவிடும். இரண்டரை அங்குலத் தட்டாயினும், சாற்றா இணைப்புடையதாயின், மேசைக் கணினியிலும் அதே வடங்கள் பொருந்தும். தாங்குசட்டம் ஒன்றே மேலதிகமாக வேண்டப்படும். அதற்கு முந்திய தட்டுக்களின் ஊசிகள் வேறாதலால், இணைப்பி தனியே தேவை.

ஏட்டைச் சுரண்டிய துறவிக்குத் தோல் வேண்டியிருந்தது. அதன்மீது யாருடைய எழுத்து இருந்ததென்பது அவருக்குப் பொருட்டாயிருக்கவில்லை. பழைய தட்டைக் கையிலெடுப்போருக்கு அதனைப் பார்த்தறியும் வாய்ப்பு உண்டு. காக்கவேண்டியதைக் காத்தபின் துடைப்பதே முறையாகும்.