எழுத்துக்களின் விளையாட்டும் எழுத்தின் உரிமையும்

அரசர்களையும் போர்களையும் எழுதும் வரலாற்றாசிரியர்கள் விளையாட்டைப் பொருட்படுத்துவது அரிது. ஆயினும் மனிதனுக்கும் அவன் ஆக்கிய கருவிக்குமுள்ள உறவை அறிய விரும்புவோர்க்கு விளையாட்டும் ஒரு சான்றே.

1898ஆம் ஆண்டில் புளோரா ஸ்டேசி என்னும் பெண் தட்டெழுத்துப் பொறியினாலேயே ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்தார். அடைப்புக்குறியும் சிறுகோடும் சாய்கோடுமே அதன் சிறகுகள். வணிகக் கடிதங்களை விரைந்து அச்சிடப் பிறந்த பொறி, உழைக்கும் விரல்களின் கற்பனைக்கும் இடங்கொடுத்தது.

கணிப்பொறியின் வரலாற்றிலும் இதே போக்கைக் காண்கிறோம். 1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் நோல்ரனும் லியோன் ஹார்மனும் ஒரு புகைப்படத்தைச் சிறு குறியீடுகளாகப் பிரித்து மீண்டும் படமாக்கினர். அருகே நின்று பார்ப்பவனுக்கு அவை வெறுங் குறிகள். விலகி நின்றால் ஒரு பெண்ணுருவம். 1982 செப்ரெம்பர் 19ஆம் நாள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கொட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, வேடிக்கையாக எழுதியதை இனங்காட்டப் பயன்படுத்தலாம் என்றார். குரலும் முகமும் இழந்த எழுத்துக்கு ஒரு புன்னகை கிடைத்தது.

இவ்விளையாட்டு யாருடைய எழுத்துக்களால் நிகழ்ந்தது? 1963இல் அமெரிக்கா வகுத்த ஆஸ்கி என்னும் குறிமுறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துக்களும் எண்களும் சில குறிகளும் கட்டளைகளும் அவற்றை நிரப்பின. தமிழுக்கு அங்கே ஓர் இடமுமில்லை. இது தமிழின் குறைபாடன்று. பொறியை ஆக்கியவர் தம் தேவையையே உலகின் தேவையாகக் கொண்டதன் விளைவு.

எனவே நாமும் விளையாட நேர்ந்தது. ஆனால் அது தேவையினால் வந்த விளையாட்டு. பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்தின. கண் தமிழைக் கண்டது. பொறியோ ஆங்கிலமென்றே எண்ணியது. ஒரு பாடசாலையில் தட்டெழுதிய வினாத்தாள், அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றியது. ஆசிரியர் பலர் இதனை அறிவர்.

1991இல் வெளிவந்த யுனிகோட் தமிழுக்குத் தனியிடம் வழங்கியது. ஆயினும் இங்கும் ஒரு பாடமுண்டு. யுனிகோட்டில் இடம்பெற்ற கன்னட எழுத்தொன்று கண்போல் வட்டமாயிருப்பதனால், கன்னடமே அறியாதார் அதனை இரட்டித்து, முறைத்து நோக்கும் முகமாக்கினர். ஜப்பானிய எழுத்தொன்று தோள்குலுக்கும் மனிதனின் சிரிக்கும் முகமாயிற்று. இதில் தீங்கில்லை. எனினும் ஒரு மக்களின் ஒலியையும் இலக்கியத்தையும் சுமக்கும் எழுத்து, பிறர்க்கு வெறும் படமாகிவிடுவதை நாம் கவனித்தல் வேண்டும்.

நம் முன்னோரும் எழுத்துக்களைத் தேராகவும் பாம்பாகவும் அடுக்கிச் சித்திரகவி பாடினர். அப்புலவர்க்கு ஓலையும் எழுத்தும் சொந்தமாயிருந்தன. இன்றைய மாணவனுக்கோ கருவி பிறருடையது. அதன் உள்ளமைப்பைக் கற்று, தன் மொழிக்கேற்ப மாற்றியமைக்க வல்லவனாகும்போதே அவன் விளையாட்டும் முழு விடுதலை பெறும். அக்கல்வியை வகுப்பறையிலே தொடங்குவது நம் கடன்.